ரெண்டு நூல் அழுத்து... அரை நூல் விடு!

காட்பாடி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராத்திரி ரயிலில் தூக்கக் கலக்கத்தோடு ஜன்னல் வழியே பார்த்த ஜங்ஷன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக ஃபைலும் எக்ஸ்ரே கவருமாக இறங்கும் வங்காளக் குடும்பங்கள். உருளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வி.ஐ.டி.க்குப் போகும் பிள்ளைகள். ஒரு பக்கம் போனால் ஆம்பூர் பிரியாணி வாசனை. இன்னொரு பக்கம் போனால் ராணிப்பேட்டை டேனரி வாசனை (வாசனை என்று எழுதுவது ஒரு மரியாதைக்காக!).

மரம் அறுக்கிற மிஷின் யாருக்கும் ஞாபகம் வராது. எனக்கும் வந்ததில்லை, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் என் நண்பரின் வீட்டு வேப்பமரம் காற்று மழையில் சாயும் வரைக்கும்.

மரம் விழுந்த மறுநாளே வியாபாரி வந்துவிட்டார். விறகு விலை சொன்னார். நண்பரின் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். “செங்கல் சூளைக்கு அனுப்பறதுக்கா நாப்பது வருஷமா தண்ணி ஊத்தினேன்? அறுத்துப் பலகையாக் கொண்டா. கட்டில் பண்ணணும், அலமாரி பண்ணணும்.” அம்மா சொன்னால் அப்பீல் கிடையாது. ஒரே கட்டை. தப்பாக அறுத்தால் இன்னொன்றுக்கு இன்னும் நாற்பது வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அப்படித்தான் லத்தேரி போகிற ரோட்டில் அந்த ஷெட்டைக் கண்டுபிடித்தோம். மாமனார் காலத்திலிருந்து லைசென்ஸ் உள்ள மர மில். பழைய வட்ட ரம்பம் ஒரு மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாதிரி உட்கார்ந்திருந்தது. நடுவில் தண்டவாளம் போல ரெண்டு இரும்பு ஆங்கிள். அதன்மேல் சக்கரம் வைத்த ஒரு சட்டம். சட்டத்தில் 19 இஞ்ச் விட்டத்தில் ரெண்டு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் பல் வைத்த எஃகு நாடா. அதாவது பேண்ட் சா. மரம் சும்மா படுத்திருக்கும். மிஷின் அதன்மேல் நடந்து போய்ப் பலகை உரிக்கும். மில்காரரும் பக்கத்து லேத் பட்டறைக்காரரும் சேர்ந்து, விலைக்கு வாங்கினது பாதி, கடைந்தது பாதி என்று கட்டினது. சக்கரத்துக்கு டயர் கிடையாது. மோட்டார் வி-பெல்ட்டைத்தான் மாட்டியிருந்தார்கள்.

“இன்னிக்கு உங்க கட்டைய ஏத்த மாட்டேன் ஸார்” என்றார் மில்காரர், எடுத்த எடுப்பிலேயே. முந்தின நாள் அறுத்த ஒரு மாம்பலகையைக் காட்டினார். மெரினாவைத் தச்சு வேலையில் செய்த மாதிரி மேலும் கீழுமாக அலை. “கைடு மாத்தறேன். நாளைக்கு வாங்க. இல்ல, பொழுது போவலைன்னா உக்காந்து பாருங்க.”

நண்பருக்கு ட்யூட்டி. நான் ஃப்ரீலான்ஸ். உட்கார்ந்தேன்.

கைடு என்றால் என்ன என்பதற்கு முன்னால், அந்த அலை எவ்வளவு காசு சாப்பிடுகிறது என்று பார்த்துவிடுவோம். பி.காம். படித்தவனுக்கு அதுதான் முதலில் தோன்றும். 12 இஞ்ச் கனமுள்ள கட்டை, அதாவது 305 மில்லிமீட்டர். அதில் ஒரு இஞ்ச் பலகைகள் வேண்டும். வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 6 மில்லிமீட்டரைத் தூளாக்கும். போட்டுப் பாருங்கள்: 9 பலகைதான் வரும். பேண்ட் சா பிளேடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். பல்லை ரெண்டு பக்கமும் மடித்திருப்பதைச் சேர்த்தால் வெட்டு 2 மில்லிமீட்டர். 11 பலகை வரும். ரெண்டு பலகை சுளையாக லாபம்! அந்தப் பிரமாதமான மிஷின் மேலே 2, கீழே 2 மில்லிமீட்டர் அலை போட்டால்? இழைப்புளியால் சீவித் தள்ள ஒவ்வொரு பலகையையும் 4 மில்லிமீட்டர் கூடுதலாக அறுக்க வேண்டும். மறுபடி கணக்குப் போடுங்கள். 9! வட்ட ரம்பத்துக்கே திரும்பி வந்துவிட்டோம், புது மிஷின் கடனோடு.

இந்த ரெண்டு பலகையைக் காப்பாற்றுவதுதான் கைடு.

பிளேடு ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் கொடிக்கயிறு மாதிரி போகிறது. மரத்தின் முடிச்சு வந்தால் மேலே ஏறப் பார்க்கும், கீழே இறங்கப் பார்க்கும். அது மரத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கைடு, வெளியே வருகிற இடத்தில் ஒரு கைடு. இரண்டு காவல்காரர்கள். ஒன்று அசையாது. மற்றது கட்டையின் அகலத்துக்கு ஏற்ப உள்ளே வெளியே நகரும். அவ்வளவுதான் சமாசாரம். இதில் செய்கிற தப்புகள்தான் எக்கச்சக்கம்.

மில்காரர் இதற்கு முன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் 14 வருஷம் ஃபிட்டர். ஸ்ப்ளிட்டிங் மிஷின்தான் அவர் பொறுப்பு. பார்த்திராதவர்களுக்காக: மாட்டுத்தோலை அப்படியே ஷூவாகத் தைக்க முடியாது, ரொம்பக் கனம். அதை மேல்தோல் வேறு, அடித்தோல் வேறு என்று தோசையைக் குறுக்கே இரண்டாகப் பிளந்த மாதிரி பிளக்கிற மிஷின் அது. அதற்குள்ளும் முடிவில்லாமல் சுற்றுகிற எஃகு நாடாதான். பல் கிடையாது, கத்தி முனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெண்டு சாணைக்கல் அதைத் தீட்டிக்கொண்டே இருக்கும்.

“அங்க பத்துல ஒரு மில்லிமீட்டர் ஏமாந்தாக்கூட எக்ஸ்போர்ட் சரக்கு திரும்பி வந்துடும். அங்கிருந்து வந்தவனுக்கு இதெல்லாம் இன்னாங்கற கொழுப்போடதான் ஆரம்பிச்சேன்” என்று சிரித்தார். “ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது ஸார். தோல் மிஷின்ல கத்தி பல் குத்தற இடம் வரைக்கும் ரெண்டு தாடைக்கு நடுவுல ஓடும். இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பிடிமானம். தோல் வளையும், மேலயும் கீழயும் வழிவிட்டுப் போயிடும். மரம் வளையுமா? கட்டைக்குள்ள எங்க போய்த் தாடை வெக்கறது? ரெண்டு ஓரத்துலதான் பிடிக்கலாம். நடுவுல பிளேடு அநாதை!”

அந்த அநாதைக்கு ஆதரவு, கைடு அல்ல, இழுவிசை. டென்ஷன். (நமக்கு ஆபீஸில் இருப்பது வேறு.) இதைப் புரிந்துகொள்ளாமல் கைடை நெருக்கி நெருக்கி இறுக்கினால் அலை போகாது, பிளேடுதான் போகும். தொய்ந்த கொடிக்கயிற்றை ரெண்டு முனையிலும் இறுக்கிப் பிடித்தால் நடுவில் நிமிர்ந்துவிடுமா?

சரி, என்ன கைடு போடுவது? சந்தையில் நான்கு ஜாதி. (இந்த ஒரு விஷயத்தில் ஜாதி பார்க்கலாம்.)

பழைய காலத்து வழி, நல்ல வைரம் பாய்ந்த கட்டைத் துண்டு. பிளேடை மரத்தாலேயே பிடிப்பது. மலிவு, சத்தமில்லை, பல் தப்பித் தவறி உரசினாலும் கட்டைதான் தேயும். ஆனால் தேய்ந்துகொண்டே இருக்கும். காலையில் வைத்த அளவு சாயந்திரம் இருக்காது. அடுத்தது பித்தளை, பீங்கான், ஃபைபர் மாதிரி கட்டிகள். பெரிய பெரிய நிரந்தர மில்களில் இன்றைக்கும் அழுத்தி வைக்கிற கட்டிதான், கூடவே தண்ணீர். தண்ணீர் நின்றால் சூடு ஏறிவிடும்.

மூன்றாவதுதான் வீட்டில் மிஷின் கட்டுகிற எல்லோரும் முதலில் போய் விழுகிற பள்ளம்: பால் பேரிங். எந்த மோட்டார் பட்டறையிலும் கிடைக்கிற 6203. ரெண்டு சினிமா டிக்கெட் காசு. மேலே ஒன்று, கீழே ஒன்று, முதுகுக்கு ஒன்று வைத்து போல்ட் முடுக்கிவிட்டால் முடிந்தது. மில்காரரின் முதல் கைடும் அதுதான். எத்தனை நாளைக்கு வந்தது என்று கேட்டேன். ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். இறுகிப்போனது, உடைந்தது, நீலம் பாரித்தது என்று ஒரு டஜன் பிரேதம்.

ஏன் என்று நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பிளேடு ஓடுகிற வேகம் விநாடிக்கு 25 மீட்டர் என்று வையுங்கள், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். 6203 பேரிங்கின் வெளி விட்டம் 40 மில்லிமீட்டர். பிளேடோடு சேர்ந்து அது சுற்ற வேண்டுமானால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 12,000 சுற்று! உங்கள் பைக் அறுபதில் பறந்தாலும் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் நிமிஷத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம்தான் சுற்றுகிறது. இங்கே பன்னிரண்டாயிரம், அதுவும் ஈரத் தூளிலும் வேப்பம் பிசினிலும் குளித்துக்கொண்டு. பாவம், அது என்ன செய்யும்?

இன்னொன்று. பிளேடின் முதுகு, பேரிங்கின் பக்கவாட்டு முகத்தில் ஒரே இடத்தில் உரசினால் கத்தி வைத்த மாதிரி பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் பிளேடு போய் மாட்டிக்கொண்டு வேடிக்கை காட்டும்.

ஆகவே நான்காவது: விளிம்பு வைத்த உருளை. லேத்தில் நல்ல எஃகில் கடைந்து, கெட்டிப்படுத்தி, உள்ளே ரெண்டு பேரிங் வைத்து, தூள் நுழையாமல் மூடினது. விட்டம் 60 மில்லிமீட்டர் வைத்தால் சுற்று 8,000-க்கு இறங்கிவிடும். பிளேடின் மேல்பக்கத்தில் மட்டும் உட்காரும். முதுகுப் பக்கம் தொப்பி விளிம்பு மாதிரி ஒரு விளிம்பு. என் ஓட்டு இதற்குத்தான். கட்டி வைப்பவர்கள் சண்டைக்கு வரலாம். தண்ணீரும் பொறுமையும் தாராளமாக இருந்தால் அவர்கள் சொல்வதும் நியாயமே. லத்தேரி ரோட்டில் ரெண்டுக்கும் தட்டுப்பாடு.

இனி மாட்டுகிற படலம். இங்கேதான் மனுஷர் ஆசாரி பாஷைக்கு மாறினார். மில்லிமீட்டரெல்லாம் டேனரியோடு போயிற்று, மரத்துக்கு நூல்தான். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். உங்கள் வீட்டுக்கு ஜன்னல் அளவு எடுக்க வருகிற ஆசாரி சொல்கிற அதே நூல்.

முதல் காரியமாக மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையன் யாராவது ஆர்வக் கோளாறில் ஸ்விட்ச் போட்டுவிடக் கூடாது. கையில் தோல் கையுறை (ஊர்ச் சரக்கு!). பிறகு செய்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கைடு மாற்றுகிறேன் என்றவர் ரெண்டு கைடையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

“கைடு இல்லாம பிளேடு ஒழுங்கா ஓடணும். அதான் முதல் பரீட்சை. ஓடாத பிளேடை கைடு வெச்சுத் திருத்தலாம்னு நெனச்சா, ரெண்டும் கெட்டுது.”

சக்கரம் ரெண்டும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று குறுக்கே நூல் கட்டிப் பார்த்தார் (இது நிஜ நூல்). டென்ஷன் திருகை இறுக்கினார். கையால் சக்கரத்தைச் சுற்றி, பிளேடு முன்னே பின்னே நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். பல் மட்டும் சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதிலேயே ஒரு மணி நேரம்.

அப்புறம் ஸ்டீல் ஸ்கேல். கட்டை படுக்கிற படுகையிலிருந்து பிளேடு எவ்வளவு உயரம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சாக்பீஸால் எழுதிக்கொண்டார். இப்போது உருளையை மாட்டி, மேலிருந்து மெல்ல மெல்ல இறக்கினார். பிளேடு பழைய உயரத்தைவிட ரெண்டு நூல் கீழே போகும்வரை அழுத்தம். ரெண்டு பக்கமும் அதே ரெண்டு நூல்.

சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் போதாதா? போதாதாம். சக்கரத்தின் உதறல் மரம்வரை வராமல் அங்கேயே அறுபட வேண்டும். அழுத்தி வைத்த பிளேடு உருளையைவிட்டு எழும்பாது. கிட்டார் கம்பியை விரலால் அழுத்திப் பிடிக்கிற மாதிரி என்று நான் சொன்னேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது ஸார்” என்றார். ரெண்டு நூலுக்கு மேல் போனால் பிளேடு அநாவசியமாக வளைந்து சீக்கிரம் சாகும். ஏற்கெனவே அது படுகிற பாடு கொஞ்சமல்ல. நாலு மீட்டர் பிளேடு விநாடிக்கு ஆறு தடவை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு சக்கரத்தில் வளைந்து நிமிர்கிறது. மணிக்கு 45,000 தோப்புக்கரணம்! அதனால்தான் வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்திவிட்டுப் போக வேண்டும் என்கிறார்கள்.

அடுத்ததுதான் நுட்பமான இடம். பிளேடு தட்டையாக இருக்கிறதா, மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா? ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் கண்ணுக்கு என்ன தெரியும்? அதற்கு ஒரு உபாயம். ஒரு அடி நீளத்துக்கு நேரான பட்டை ஒன்றை பிளேடின்மேல் குறுக்காகக் கவ்வவைத்தார். மடித்த பல்லின்மேல் உட்காராமல், பல்லுக்குப் பல் நடுவே. பட்டையின் முன் முனை படுகையிலிருந்து எவ்வளவு, பின் முனை எவ்வளவு? பிளேடில் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் பட்டையின் நுனியில் அது பத்து மடங்காகத் தெரியும். முன் முனை அரை நூல் ஏறியிருந்தது. “பாத்தீங்களா, நேத்து அது மேல மேல ஏறினதுக்கு இவன்தான் காரணம்” என்று உருளையின் திருகைத் திருப்பினார். ரெண்டு முனையும் சமமானபோது திருடனைப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில்.

கடைசியாக முதுகு. பிளேடின் பின்விளிம்புக்கும் உருளையின் தொப்பி விளிம்புக்கும் நடுவே அரை நூல் சந்து. ஒட்டிக்கொண்டே ஓடினால் முதுகு சூடாகி இறுகும். விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பல் பக்கம் பத்திரமாக இருக்க, பின்னாலிருந்து பிளேடு அறுந்து போகும். ரொம்பத் தள்ளி வைத்தால், கட்டையில் வேகமாக மோதும்போது பிளேடு சக்கரத்தைவிட்டே பின்னுக்குக் கழன்று போகும். அழுத்தித் தள்ளும்போது மட்டும் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டும், மற்ற நேரம் தள்ளி நிற்க வேண்டும். (மாமனார் வீட்டார் கவனத்துக்கு!)

கையால் சுற்றினார். இப்போதும் பிளேடு நகரவில்லை. உருளை கோணலாக இருந்தால் பிளேடை முன்னுக்கோ பின்னுக்கோ நடத்திக் கொண்டு போய்விடுமாம். நகரும் கைடை முழுக்க வெளியே இழுத்து ஒரு தடவை, முழுக்க உள்ளே தள்ளி ஒரு தடவை உயரம் பார்த்தார். ரெண்டிலும் ஒன்றே. “அறுக்கசொல்ல இத்தக் கட்டைக்கு ஒரு இஞ்ச் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்தணும். சோம்பேறித்தனமா எட்டவே வுட்டுட்டு அறுக்கறவன்தான் அலை வருதுன்னு பிளேடு கம்பெனிக்காரனைத் திட்டுவான்.”

ஷெட்டில் டீ வந்தது. நமக்கே இப்படி ஒரு மிஷின் கட்டிக்கொள்ளலாமா என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் ஒரு விஷயம். கட்டலாம், மரம் அறுக்க ஓட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். 1995-ல் கூடலூர்க் காடுகள் அழிவதைப் பார்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாட் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ம் தேதி வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுக்கக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் ஓடிய மர மில்களை நிறுத்தியது. 2002-ல் புது மில்களுக்கு இன்னும் இறுக்கம். 2016-ல்தான் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வந்து, மாநில அளவிலான கமிட்டிகள் முடிவு செய்கிற ஏற்பாடு ஆனது. எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதல் கவனம் உண்டு. ஒரு பக்கம் ஜவ்வாது மலைச் சந்தனம். திருப்பத்தூரில் அதற்கென்றே அரசுக் கிடங்கு இருக்கிறது. இன்னொரு பக்கம் சித்தூர் ரோடு, அதன் கோடியில் செம்மரக் காடு. ராத்திரியில் ஷெட்டில் ரம்பம் சத்தம் கேட்டால் யாராவது வந்து டார்ச் அடிக்கத்தான் செய்வார்கள். இரும்பு வாங்குவதற்கு முன் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவது நல்லது.

(அநாவசியத் தகவல் ஒன்று: பேண்ட் சாவுக்கு 1808-லேயே லண்டனில் வில்லியம் நியூபெரி காப்புரிமை வாங்கிவிட்டார். பிளேடின் ரெண்டு முனையையும் அறாமல் ஒட்டத் தெரியாததால் அது பல வருஷம் காகிதத்திலேயே ஓடியது. அதைத் தீர்த்தவர் பிரான்ஸில் அன் பொலின் கிரெபன் என்ற பெண்மணி, 1846-ல்.)

மறுநாள் கட்டை ஏறியது. ஏற்றுவதற்கு முன்னால் போலீஸ்காரர்கள் ரயில்வே ஸ்டேஷனில் நம்மைத் தடவுவார்களே, அந்த மாதிரி ஒரு கை டிடெக்டரால் கட்டையைத் தடவினார். பீப். நண்பருக்கு முகம் சுண்டியது. டியூஷன் சென்டர் போர்டு ஆணி இரண்டு. கேபிள் டி.வி. கொக்கி ஒன்று. அடுத்த பீப் கொஞ்சம் ஆழத்தில். உளியால் தோண்டி எடுத்தார்: துருப்பிடித்த நாலு இஞ்ச் ஆணி. அம்மா அதை வாங்கிப் பார்த்து, “உங்கப்பா தூளி கயிறு மாட்ட அடிச்சது” என்றார். புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

மோட்டார் கிளம்பியது. ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பிளேடில் விழுந்தது. பிசின் ஒட்டித் தூள் உருளைக்கும் பிளேடுக்கும் நடுவே கட்டியாகச் சேர்ந்தால் பிளேடு குதிக்கும், நேற்று வைத்த அளவெல்லாம் வீண். பிளேடுக்கு நேராக யாரையும் நிற்கவிடவில்லை. சட்டத்தை அவர் தள்ளின வேகம், அம்மா கோயில் பிராகாரம் சுற்றுகிற வேகம்தான். முதலில் நாலு பக்கமும் மேல்பட்டையை எடுத்துச் சதுரமாக்கினார். பிறகு முதல் பலகை.

ஸ்கேலை அதன் முகத்தில் நிறுத்தி, எதிரே குனிந்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தெரியவில்லை. நண்பர் விடுவித்த மூச்சில் கொஞ்சம் மரத்தூள் பறந்தது.

பத்துப் பலகை வந்தது. என் கணக்குப்படி பதினொன்று அல்லவா? கேட்டேன். “இது பச்சை மரம் ஸார். காயசொல்ல சுருங்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு நூல் கூட வெச்சுக்கீறேன்.” பேப்பரில் போட்டுப் பார்த்தேன், சரியாக 10. பலகைகளுக்கு நடுவே ரீப்பர் சக்கை கொடுத்து, நிழலில் அடுக்கி, ரெண்டு முனையிலும் பெயிண்ட் அடித்து, இஞ்சுக்கு ஒரு வருஷம் காயவிடணும் என்றார். கட்டிலுக்கு அடுத்த மாசமே ஆசாரியைச் சொல்லி வைத்திருந்த நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மேல்பட்டைகளை வெந்நீர் அடுப்புக்கு வண்டியில் ஏற்றச் சொன்னார் அம்மா.

கிளம்பும்போது மில்காரர் டென்ஷன் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார். பிளேடு மழுங்கிவிட்டது, சாணைக்குப் போகிறது. அடுத்து ஒரு புளியங்கட்டை காத்திருந்தது.

“வேற பிளேடு மாட்டினா மறுபடி முதல்லேர்ந்தா?” என்றேன்.

“ரெண்டு நூல் அப்படியேதான் இருக்கும் ஸார். சாணை பிடிச்ச பிளேடு அகலம் கொறையும். பல்லு இருக்கற எடம் மாறக் கூடாது, அப்ப முதுகுதானே விலகும்? அந்த அரை நூல மட்டும் பாத்துக்கணும்” என்று சொல்லிக்கொண்டே, கழற்றின பிளேடை மூன்று வளையமாக மடக்கி ஆணியில் மாட்டினார்.